பழைய கட்டடத்தில் புதிய ஆய்வகம்

நன்றாகக் கட்டப்பட்ட பல்கலைக்கழகக் கட்டடம் நூற்றைம்பது, இருநூறு ஆண்டுகள் நிற்கும். அதற்குள் அமையும் அறிவியல் ஆய்வகத்துக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது. கருவிகள் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பழசாகிவிடுகின்றன. குழாய்களும் மின்கம்பிகளும் காற்றுக் குழல்களும் இருபது முப்பது ஆண்டுகளில் மாற்றியாக வேண்டிய நிலைக்கு வருகின்றன. ஆகவே மரபுக் கட்டடத்தில் இன்று அமைக்கும் ஆய்வகம், அந்தக் கட்டடத்தின் வாழ்நாளில் வந்துபோகும் பல ஏற்பாடுகளில் ஒன்றுதான். ஆய்வகம் பாதுகாப்பாக இயங்க வேண்டும். அது ஒருநாள் வெளியேறும்போது கட்டடம் சிதையாமல் நிற்கவும் வேண்டும். திட்டமிடல், பொறியியல், கட்டுமானம் ஆகிய எல்லாப் படிகளிலும் இந்த இரண்டு தேவைகளும் சேர்ந்தே வருகின்றன.

வரலாற்றில் சில ஆய்வகங்கள்

வேறு பயனுக்காகக் கட்டிய இடத்தில் ஆய்வகம் அமைப்பது புதிய வழக்கமன்று. ஜெர்மனியின் கீசன் பல்கலைக்கழகத்துக்கு 1824இல் யுஸ்டுஸ் லீபிக் பேராசிரியராக வந்தபோது அவருக்கு வயது 21. கைவிடப்பட்ட படைக் குடியிருப்பு ஒன்றின் காவல் கட்டடம் அவருக்கு ஆய்வகமாகக் கிடைத்தது. நச்சுப் புகையை வெளியேற்ற அந்த அறையில் வசதி இல்லை. புகை கிளம்பும் சோதனைகளைத் தூண்கள் நின்ற திறந்த முகப்பில் செய்ய நேர்ந்தது. 1839இல் கட்டடம் விரிவாக்கப்பட்டபோது, கண்ணாடிக் கதவு வைத்துப் புகைபோக்கியோடு இணைத்த பெட்டிகள் சேர்க்கப்பட்டன. வேதியியலை மாணவர்கள் தம் கையால் செய்து கற்கும் முறை அந்த அறைகளிலிருந்துதான் உலகெங்கும் பரவியது. 1920 முதல் அந்தக் கட்டடம் அருங்காட்சியகமாக இருக்கிறது.

அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஜெபர்சன் வடிவமைத்த ரொட்டண்டா என்ற வட்ட மாளிகையில், 2013இல் சீரமைப்புப் பணியின்போது ஒரு சுவருக்குப் பின்னால் வேதியியல் அடுப்பு ஒன்று வெளிப்பட்டது. பல்கலைக்கழகம் தொடங்கிய காலத்தில் மாணவர்கள் சோதனை செய்த அடுப்பு அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் யாரோ செங்கல் வைத்து அதை அடைத்துவிட்டார்கள். 1895இல் மாளிகையின் உட்புறத்தைத் தீ அழித்தபோதும் அடைபட்ட அந்த அடுப்பு தப்பியது. நெருப்புக்குத் தேவையான காற்றைத் தரைக்கடியில் செங்கல் சுரங்கங்கள் கொண்டுவந்தன. புகையைச் சுவருக்குள் ஓடிய குழல்கள் வெளியேற்றின. காற்று எங்கிருந்து வரும், புகை எங்கே போகும் என்ற கேள்விக்கு அன்றைய கொத்தனார்கள் செங்கல்லிலேயே விடை கண்டிருந்தார்கள்.

1860இல் திறக்கப்பட்ட ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் வேதியியல் ஆய்வகத்தைப் பிற துறைகளிலிருந்து சற்று ஒதுக்கிக் கட்டினார்கள். அதற்கு மாதிரியாக எடுத்துக்கொண்டது கிளாஸ்டன்பரி மடத்தின் இடைக்காலச் சமையற்கூடம். உயர்ந்த கூம்புக் கூரையும் மூலைகளில் புகைபோக்கிகளும் கொண்ட அந்த வடிவம் வேதியியலுக்கும் பொருந்தியது. ஆய்வகக் கட்டடக்கலையில் முதன்மையான சிக்கல் காற்று என்பதை இந்த மூன்று இடங்களும் காட்டுகின்றன.

கட்டடத்தை அறிதல்

வேலை தொடங்குவது கட்டடத்தின் ஆய்விலிருந்து. பழைய கட்டடங்களுக்குப் பெரும்பாலும் நம்பத்தக்க வரைபடம் இருக்காது. இருந்தாலும் இடையில் நடந்த மாற்றங்கள் அதில் ஏறியிருக்காது. லேசர் கருவியால் ஒவ்வோர் அறையையும் அளந்து, கோணல்மாணலான சுவர்களை உள்ளபடியே கணினியில் பதிவுசெய்கிறார்கள். வெப்பப்படக் கருவி சுவரில் ஈரம் தங்கிய இடங்களையும் அடைபட்ட வாசல்களையும் காட்டும். சிறு துளை வழியே செலுத்தும் கேமரா, தளத்துக்கும் உட்கூரைக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று பார்க்கும். மர உத்திரத்தில் ஊசி போன்ற மெல்லிய துளைக்கருவியைச் செலுத்தி, அது சந்திக்கும் எதிர்ப்பை அளந்தால் உள்ளே கரையானோ உளுப்போ இருப்பது தெரியும்.

கட்டடம் ஏற்கெனவே ஆய்வகமாக இருந்ததென்றால் இன்னொரு தேடலும் தேவை. சிந்திய பாதரசத் துளிகள் மரத்தளத்தின் இடுக்குகளில் பல பத்தாண்டுகள் தங்கி ஆவியாகிக்கொண்டே இருக்கும். பழைய குழாய்களின் வெப்பக்காப்பிலும் மேசைப் பலகைகளிலும் கல்நார் இருக்கலாம். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கலாம். பெர்குளோரிக் அமிலம் பயன்படுத்திய புகைக்குழல்களில் வெடிக்கக்கூடிய உப்புகள் படிந்திருக்கும். அவற்றைத் தட்டினாலே ஆபத்து. கதிரியக்கத்தை ஆராய்ந்த ரூதர்போர்டு பணியாற்றிய மான்செஸ்டர் பல்கலைக்கழகக் கட்டடம் பின்னாளில் வேறு பயனுக்கு மாறிய பிறகு, அதில் கதிரியக்க மாசும் பாதரசமும் இருப்பது கண்டறியப்பட்டுத் துப்புரவு செய்யப்பட்டது. அங்கு வேலை செய்தவர்களின் உடல்நலம் பற்றி எழுந்த கவலையால் தனி விசாரணை நடந்தது. மாசினால் நோய் வந்திருக்கும் வாய்ப்பு குறைவு என்று அந்த விசாரணை முடிவுசெய்தது. முன்னர் யார் என்ன செய்தார்கள் என்ற குறிப்பைத் தேடி எடுக்காமல் ஒரு பலகையைக்கூடப் பெயர்க்கக் கூடாது என்பதற்கு இது தக்க சான்று.

எந்தத் துறையை எந்த அறைக்கு

ஆய்வு முடிந்ததும் எடுக்கும் முடிவு மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது: இந்தக் கட்டடத்துக்கு எந்த அறிவியல் பொருந்தும்? முதலில் துறையை முடிவுசெய்துவிட்டுப் பிறகு கட்டடத்தை அதற்கேற்ப வெட்டினால் செலவும் சேதமும் ஏறும். கட்டடம் எதைத் தாங்கும் என்று பார்த்துத் துறையைத் தேர்ந்தால் இரண்டும் குறையும்.

பழைய கட்டடங்களுக்கு அவற்றுக்கே உரிய நன்மைகள் உண்டு. தடித்த சுவர்கள் வெப்பத்தை மெல்லக் கடத்துவதால் அறையின் வெப்பநிலை திடீரென மாறாது. நேராக மண்மேல் அமைந்த கீழ்த்தளத்தில் அதிர்வு குறைவாக இருக்கும். ஒளியியல் சோதனைகளுக்கு இது மிகவும் பொருந்தும். உயரமான கூரைகள் காற்றுக் குழல்களுக்கு இடம் தரும். பெரிய சன்னல்களின் வெளிச்சம் தாவரவியல், விலங்கியல் செய்முறை வகுப்புகளுக்கு உதவும். கணினி வழி ஆய்வு, ஒளியியல், மின்னணுவியல், நிலவியல், இளங்கலைச் செய்முறை வகுப்புகள் போன்றவற்றைப் பழைய கட்டடம் எளிதாக ஏற்கும்.

நாள் முழுதும் கரைப்பான்களோடு வேலை செய்யும் கரிம வேதியியல், கடும் நோய்க்கிருமிகளைக் கையாளும் ஆய்வு, தூசியே இல்லாத தூய அறை ஆகியவற்றை மரபுக் கட்டடத்தில் திணிப்பது இரண்டுக்கும் கேடு. இவற்றுக்குப் பின்புறம் புதிய இணைப்புக் கட்டடம் எழுப்பி, பழைய கட்டடத்தோடு மெல்லிய நடைபாதையால் இணைப்பது நல்ல வழி. லிப்ட், கழிப்பறை, ஜெனரேட்டர், வாயு உருளைக் கிடங்கு ஆகியவையும் அந்த இணைப்பிலேயே அமைந்தால் பழைய சுவர்களில் துளை போடும் தேவை பெருமளவு குறையும்.

எடையும் அதிர்வும்

ஆய்வகத் தளம் சதுர மீட்டருக்குக் குறைந்தது 300 கிலோ எடையைத் தாங்க வேண்டும் என்ற அடிப்படையில் கணக்கிடுவது வழக்கம். கனமான கருவிகள் வந்தால் இது போதாது. மூலக்கூறுகளின் அமைப்பை அறிய உதவும் என்.எம்.ஆர். காந்தங்களில் பெரியவை பல டன் எடை கொண்டவை. மர உத்திரங்கள்மேல் அமைந்த மாடித்தளத்தில் அவற்றை வைக்க முடியாது. எடை மிக்கவை கீழ்த்தளத்தில், அடித்தளத்திலிருந்து பிரிந்து நிற்கும் தனிக் கான்கிரீட் மேடைமேல் இருக்க வேண்டும். மாடியில் வைத்தே ஆக வேண்டியவற்றைச் சுவரோரமாக, உத்திரங்கள் ஊன்றும் இடங்களுக்கு அருகில் வைப்பார்கள். உத்திரத்தின் நடுப்பகுதியே அதிகம் வளையும்.

அதிர்வு எடையைவிட நுட்பமான சிக்கல். வினாடிக்கு 100 மைக்ரோமீட்டருக்கும் மேற்பட்ட அதிர்வு வேகத்தைத்தான் மனிதர்கள் மெல்ல உணரத் தொடங்குகிறார்கள். சாதாரண ஒளி நுண்ணோக்கிகள் 50 மைக்ரோமீட்டர் வரை பொறுத்துக்கொள்ளும். உயர்திறன் எலக்ட்ரான் நுண்ணோக்கிகளுக்கு 6 அல்லது 3 மைக்ரோமீட்டருக்குக் கீழே தேவை. ஒருவர் நடைக்கூடத்தில் நடந்தாலே மரத்தளத்தின் அதிர்வு இந்த அளவைத் தாண்டிவிடும். தெருவில் போகும் லாரி, மேலே ஓடும் விசிறி, பக்கத்து லிப்ட் எல்லாமே பகை. கருவி வாங்கும் முன்பே, உத்தேசித்த அறையில் சில நாட்கள் அதிர்வுமானி வைத்து இரவும் பகலும் அளப்பது இதனால்தான்.

காந்தக் கருவிகளுக்கு வேறொரு கணக்கும் உண்டு. அவற்றைச் சுற்றி, காந்தப்புலம் 5 காஸ் அளவுள்ள எல்லைக்கோடு வரைந்து, இதயமுடுக்கி பொருத்தியவர்கள் அதைத் தாண்டாதபடி தடுப்பது வழக்கம். இந்தக் கோடு சுவரையும் தளத்தையும் ஊடுருவி அடுத்த அறைக்கும் மேல்மாடிக்கும் நீளும். பழைய கட்டடத்தில் அறைகளின் அளவை மாற்ற இயலாது என்பதால், பக்கத்து அறைகளில் யார் நடமாடுவார்கள் என்பதையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

காற்று

வேதியியல் ஆய்வகத்தின் உயிர் ஃபியூம் ஹூட். முன்பக்கம் மேலும் கீழும் நகரும் கண்ணாடிக் கதவும், மேலே காற்றை உறிஞ்சும் குழலும் கொண்ட பெட்டி அது. திறப்பின் வழியே வினாடிக்குச் சுமார் அரை மீட்டர் வேகத்தில் காற்று உள்ளே பாய்ந்தால், நச்சாவி ஆய்வாளரின் முகத்துக்கு வராது.

இந்தச் சிறிய எண் கட்டடத்துக்கு என்ன செய்கிறது என்பதைக் கணக்கிட்டால் சிக்கலின் அளவு தெரியும். ஒன்றரை மீட்டர் அகலமும் அரை மீட்டர் உயரமும் உள்ள திறப்பு வழியே ஒரு மணி நேரத்தில் 1,350 கன மீட்டர் காற்று வெளியேறும். 10 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம் உள்ள அறையின் கொள்ளளவு 400 கன மீட்டர். அதில் மூன்று பெட்டிகள் இயங்கினால் மணிக்கு ஏறத்தாழ பத்து முறை அறையின் காற்று முழுதும் மாறிவிடும். வெளியேறும் காற்றுக்கு ஈடாக அதே அளவு காற்றை வடிகட்டி, குளிர்வித்து உள்ளே அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் கதவு திறக்க முடியாதபடி அறை உறிஞ்சும்; பெட்டியும் தன் வேலையைச் செய்யாது. ஆய்வகங்கள் அலுவலகங்களைவிடப் பல மடங்கு மின்சாரம் தின்பதற்கு இதுவே பெரிய காரணம்.

இவ்வளவு காற்றுக்கு அகலமான குழல்கள் வேண்டும். சிற்ப வேலைப்பாடுள்ள உட்கூரையின் குறுக்கே அவற்றை ஓட்ட முடியாது. பயன்பாடின்றிக் கிடக்கும் பழைய புகைபோக்கிகள் இங்கே கைகொடுக்கும். அவற்றுக்குள் அமிலம் அரிக்காத புதிய குழலை இறக்கினால், சுவரில் புதிதாக வெட்ட வேண்டியதில்லை. அமில ஆவி செங்கல்லைத் தொடுவதும் இல்லை. சில அறைகளில் சுவரிலிருந்து அரை மீட்டர் தள்ளி இரண்டாவது சுவர் போல ஓர் அலமாரித் தட்டி நிறுத்தி, அந்த இடைவெளியில் எல்லாக் குழல்களையும் ஏற்றிவிடுகிறார்கள். பழைய சுவர் பின்னால் தொடப்படாமல் இருக்கும்.

கூரைக்கு மேலே இன்னொரு முரண்பாடு காத்திருக்கிறது. வெளியேறும் நச்சாவி சன்னல் வழியே திரும்பி வராமலிருக்க, போக்கிகள் கூரையின் உச்சியிலிருந்து சுமார் 3 மீட்டராவது உயர வேண்டும். மாடங்களும் கோபுரங்களும் நிறைந்த கட்டடத்தின் மேல் உலோகக் குழாய்கள் எழுந்தால் தெருவிலிருந்து பார்க்கும் தோற்றம் கெடும். பல போக்கிகளை ஒன்றாகச் சேர்த்து, கட்டடத்தின் பின்புறச் சரிவில் நிறுத்தி, தெருவிலிருந்து பார்க்கும் கோணங்களை முன்கூட்டியே கணினியில் சோதித்துப் பார்ப்பது நல்ல நடைமுறை. உயரத்தைக் குறைத்துத் தோற்றத்தைக் காப்பது தீர்வாகாது. போக்கி குட்டையானால் ஆபத்து உள்ளே இருப்பவர்களுக்கு.

தண்ணீர், மின்சாரம், வாயு

பழைய கட்டடத்தை அதிகம் அழிப்பது தண்ணீர்தான். ஒழுகும் சிங்க் ஒன்று ஆறு மாதத்தில் மர உத்திரத்தின் முனையை உளுக்கச் செய்யும். ஆகவே ஈர வேலைகளை எல்லா மாடிகளிலும் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரே செங்குத்துக் கோட்டில் அடுக்குவது முதல் விதி. சிங்க்குகளை அறையின் நடுவில் வைக்காமல் ஒரு சுவரோரமாக நிறுத்தினால் வடிகால் குழாய்க்காகத் தளத்தை வெட்ட வேண்டியதில்லை. குழாய்களைச் சுவருக்குள் புதைக்காமல் வெளியே தெரியும்படி ஓட்டினால், ஒழுக்கு உடனே கண்ணில் படும், மாற்றுவதும் எளிது. அமிலம் கலந்த கழிவுநீர் தனிக் குழாயில் போய், நடுநிலையாக்கும் தொட்டியைக் கடந்த பிறகே பொதுச் சாக்கடையில் சேர வேண்டும்.

மின்சாரத் தேவையும் பழைய இணைப்பின் எல்லைக்குள் அடங்காது. புதிய டிரான்ஸ்பார்மரும் தடையற்ற மின்கலத் தொகுதியும் வெளியே தனிக் கொட்டகையில் இருப்பதே நல்லது. உள்ளே கம்பிகளைத் தட்டுகளில் அடுக்கி மேசைகளுக்கு மேலே தொங்கவிட்டால் சுவர் தப்பும். கருவி மாறும்போது இணைப்பும் எளிதில் நகரும். ஹைட்ரஜன் போன்ற வாயு உருளைகள் கட்டடத்துக்கு வெளியே காற்றோட்டமான கூண்டில் நிற்க, மெல்லிய எஃகுக் குழாய் மட்டும் உள்ளே வர வேண்டும். காந்தங்களைக் குளிர்விக்கும் திரவ ஹீலியம் வாயுவாகும்போது 700 மடங்குக்கு மேல் பெருகும். காந்தம் திடீரெனச் சூடேறினால் அந்த வாயு அறையின் ஆக்சிஜனை வெளியே தள்ளிவிடும். அதற்கென நேராக வெளியே செல்லும் தனிக் குழாயும், ஆக்சிஜன் அளவு குறைந்தால் ஒலிக்கும் மணியும் கட்டாயம்.

தீ

மரத்தளம், மரப்படி, திறந்த மாடிக்கூடம் ஆகியவை மரபுக் கட்டடத்துக்கு அழகு. தீ பரவுவதற்கும் அவையே வழி. கரைப்பான்களின் அளவைக் கட்டுப்படுத்துவதே முதல் பாதுகாப்பு. ஒரு நாளைக்குத் தேவையானது மட்டும் ஆய்வகத்தில், அதுவும் தீத்தாங்கும் அலமாரியில், மற்றது வெளிக்கிடங்கில். பழைய தேக்குக் கதவுகளை அகற்றாமல், தீயில் உப்பி அடைக்கும் பட்டைகளை விளிம்பில் பொருத்தி அவற்றின் தாங்குதிறனைக் கூட்டலாம். நுண்துளிகளாகத் தண்ணீர் தெளிக்கும் தீயணைப்பு முறை சாதாரணத் தெளிப்பான்களைவிடக் குறைந்த நீரில் இயங்குவதால் ஓவியங்களுக்கும் சுண்ணப்பூச்சுக்கும் சேதம் குறையும். ஆனால் தண்ணீரோடு சேர்ந்தால் எரியும் சோடியம் போன்ற உலோகங்கள் இருக்கும் அறைக்கு வேறு ஏற்பாடு தேவை. இரண்டாவது வெளியேறும் படிக்கட்டு இல்லாத மாடியில் வேதியியல் ஆய்வகம் அமைக்கவே கூடாது.

சுண்ணாம்புச் சுவரும் கடலோர ஈரமும்

சென்னை மெரினாவை நோக்கி நிற்கும் மாநிலக் கல்லூரிக் கட்டடத்தை வடிவமைத்தவர் ராபர்ட் சிசோம். அது 1870இல் திறக்கப்பட்டது. சி. வி. ராமன் அங்கே மாணவராக இருந்தபோதே, ஒளியின் விளிம்பு வளைவு பற்றிய தம் முதல் ஆய்வுக் கட்டுரையை 1906இல் வெளியிட்டார். அத்தகைய சோதனைக்கு அன்று வேண்டியிருந்தது அசையாத மேசையும் இருட்டாக்கக்கூடிய அறையும் நல்ல நிறமாலைமானியும். இன்றைய கருவிகள் அதே வகைக் கட்டடங்களிடம் கேட்பது குளிர்ந்த, உலர்ந்த, மாறாத காற்று. சென்னை போன்ற ஊரில் இதுவே மிகக் கடினமானது.

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தென்னிந்தியக் கட்டடங்களின் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு எழுந்தவை. கூரைகளில் பல மெட்ராஸ் டெரஸ் முறையில் அமைந்தவை: தேக்குக் கட்டைகளின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவசமாக அடுக்கி, அதன்மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கெட்டித்து, தட்டோடு பதித்த கூரை. சுண்ணாம்பு ஈரத்தை உள்வாங்கி மெல்ல வெளிவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிச் சுவருக்குள் சிறைப்படும். கடற்காற்றின் உப்பு உள்ளேயே படிகமாகிச் செங்கல்லைப் பொடியாக்கும். ஆகவே ஆய்வகத்துக்காகச் செய்யும் பழுதுபார்ப்பு ஒவ்வொன்றும் சுண்ணாம்பிலேயே நடக்க வேண்டும். சுவரை மூடும் பிளாஸ்டிக் வண்ணப்பூச்சும் சுவரோடு ஒட்டிய ஓடுகளும் இதே காரணத்தால் ஆகாதவை. எளிதில் கழுவும் பரப்பு தேவைப்படும் இடத்தில், சுவரிலிருந்து விலகி நிற்கும் தனிப் பலகை போதும்.

குளிரூட்டல் இன்னொரு சோதனை. வெளியே 32 பாகை வெப்பமும் 75 விழுக்காடு ஈரப்பதமும் இருக்கும்போது, 27 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர்த்துளி படியும். அறையை 22 பாகையில் வைத்தால், சுவரின் உட்பகுதியிலும் உத்திர முனைகளிலும் கண்ணுக்குத் தெரியாமல் நீர் சேரும், பூஞ்சை வரும். இதைத் தவிர்க்க, பழைய அறைக்குள் எந்தச் சுவரையும் தொடாமல் நிற்கும் கண்ணாடி அறை ஒன்றை அமைத்து, குளிர்ச்சி தேவைப்படும் கருவிகளை மட்டும் அதற்குள் வைக்கலாம். பழைய அறை இயல்பான காற்றோட்டத்திலேயே இருக்கும். குளிரூட்டும் செலவும் சுருங்கும்.

திரும்பப் பெறத்தக்க மாற்றம்

மரபுப் பாதுகாப்பின் பன்னாட்டு நெறிகளை 1964இல் வெனிஸ் சாசனம் வகுத்தது. கட்டடத்தைச் சமூகத்துக்குப் பயன்படும் வேலைக்கு உட்படுத்துவது அதன் பாதுகாப்புக்கு உதவும். ஆனால் அமைப்பையும் அலங்காரத்தையும் அந்தப் பயன்பாடு மாற்றக் கூடாது என்பது சாசனத்தின் சாரம். 1979இல் ஆஸ்திரேலியாவில் உருவான பர்ரா சாசனம், தேவைக்கு மேல் ஒரு துளியும் மாற்றாதிருக்க வலியுறுத்துகிறது. இந்த நெறிகள் ஆய்வகத்தில் நடைமுறைக்கு வருவது சிறு சிறு முடிவுகளில்தான். மேசைகள் சுவரில் ஆணியடித்து நிற்காமல் தம் காலிலேயே நிற்கின்றன. தவிர்க்க முடியாத துளைகள் செங்கல்லின் நடுவில் விழாமல் காரைச் சந்தில் விழுகின்றன, ஏனெனில் காரையை மறுபடி நிரப்பலாம். பழைய தளவரிசையின்மேல் பிரிப்புத் துணி விரித்து, அதன்மேல் வேதிப்பொருள் தாங்கும் விரிப்பு போடப்படுகிறது. கழற்றிய கதவும் பலகையும் எண்ணிட்டு அதே கட்டடத்தில் பத்திரப்படுத்தப்படுகின்றன.

பணி முடிந்து ஆய்வகம் கைமாறும்போது கட்டாயம் கொடுக்க வேண்டியது ஒரு பதிவேடு. எந்தக் குழாய் எங்கே ஓடுகிறது, எந்தத் தளம் எவ்வளவு எடை தாங்கும், எந்தப் பலகைக்குப் பின்னால் என்ன மூடப்பட்டிருக்கிறது, எதை எப்படிக் கழற்றலாம் என்ற விவரங்களும், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களும் அதில் இருக்க வேண்டும். ஆய்வகத்தில் பயன்படுத்தும் நச்சுப்பொருட்களின் பட்டியலும் ஆண்டுதோறும் அதில் ஏற வேண்டும். ஃபியூம் ஹூட்டின் காற்று வேகத்தை ஆண்டுக்கொரு முறை அளப்பது, மழைக்காலத்துக்கு முன் கூரை வடிகால்களைத் துப்புரவு செய்வது, உத்திர முனைகளின் ஈரத்தைச் சோதிப்பது ஆகியவற்றுக்கு ஆளும் பணமும் முதல் ஆண்டிலிருந்தே ஒதுக்கப்பட வேண்டும். அடுத்த முப்பது ஆண்டுகளில் இந்த ஆய்வகத்தைப் பிரித்து வேறொன்றை அமைக்கப் போகிறவர்கள் அந்தப் பதிவேட்டை நம்பித்தான் வேலையைத் தொடங்குவார்கள்.